தையல் டீச்சர் எடுத்த குடிமையியல்

குடிமையியல் எடுத்துக்கொண்டிருந்த வாத்தியார் வருஷத்தின் நடுவில் மாற்றலாகிப் போனார். அதற்காக அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கண்ணைக் கசக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்து வரும் பாடம் அது. வாத்தியார் வாசிப்பார். பிள்ளைகளில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் தூங்குகிறவர்களின் காதில் காகிதத்தைச் சுருட்டி விடுவார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் பத்துக் கேள்வி, பத்துப் பதில். மனப்பாடம் பண்ணிக் கக்கிவிட்டு வந்தால் தீர்ந்தது.

அப்போதிருந்த தலைமையாசிரியர் கால அட்டவணையில் விரலை ஓட்டிப் பார்த்தார். மதியம் சும்மா இருப்பது யார்? விரல் கடைசி வரியில் போய் நின்றது. தையல் டீச்சர்.

"டீச்சர், மத்தியானம் உங்களுக்கு பீரியட் இல்லையே?"

"இல்லை சார். மிஷினுக்கு எண்ணெய் போடுவேன்."

"எண்ணெயை அப்புறம் போட்டுக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்குப் போய் குடிமையியல் எடுங்க. புது ஆள் வர்ற வரைக்கும்தான்."

"சார், நான் தையல் டீச்சர்."

"எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியுமில்ல? அது போதும்."

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற கணக்கில் அப்படித்தான் அவர் அந்த வகுப்புக்குள் போனார். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. வராந்தாக் கடைசியில் ஆறு மிஷின்கள் போட்ட அறையில் பதினோரு வருஷம் காஜா எடுக்கவும் ஓரம் மடிக்கவும் சொல்லிக் கொடுத்தவர். முதல் நாள் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்தே போய்விட்டார். "டீச்சர், அளவெடுக்க வந்தீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

இரண்டு நாள் வாசித்தார். மூன்றாம் நாள், ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இதையெல்லாம் யாரு எழுதினது?"

"எதைம்மா?"

"இந்த அரசியல் சாசனத்தை. எழுதறப்ப ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலையா?"

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். 'இயற்றப்பட்டது' என்று போட்டிருந்தது. யார் இயற்றினார்கள், எங்கே உட்கார்ந்து இயற்றினார்கள், யார் மறுத்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. மழை பெய்த மாதிரி சாசனம் பாட்டுக்கு இயற்றப்பட்டிருந்தது.

"எனக்குத் தெரியலையே" என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்தார்கள். தெரியாது என்று ஒரு வாத்தியார் வாயால் அவர்கள் கேட்டதே இல்லை.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்."

சொன்ன வாய்க்குக் கட்டுப்பட்டாக வேண்டுமே. அந்தச் சனிக்கிழமை பொது நூலகத்துக்குப் போனார். நூலகருக்கு அலமாரிச் சாவியைத் தேடவே அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே தடித்தடியாகப் பன்னிரண்டு தொகுதிகள். சாசனம் எழுதிய சபையில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று ஒரு சொல் விடாமல் அச்சடித்தவை. "சீல் குத்தி உள்ளே வெச்சதோட சரிங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டு வந்ததில்லை" என்றார் நூலகர்.

சட்டம் இருக்கும், தலை சுற்றும் என்று பயந்துகொண்டுதான் திறந்தார். உள்ளே இருந்தது சண்டை. தெருக்குழாயடிச் சண்டையேதான், மரியாதையான வார்த்தைகளில். ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு நாள் முழுக்க வாதாடியிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசு பள்ளிக்கூடம் 'வைக்கலாம்' என்று வரைவில் இருந்தது. 'வைக்க வேண்டும்' என்று மாற்றச் சொல்லி ஓர் உறுப்பினர் எழுந்து நின்றார். கேலி செய்தார்கள். பணத்துக்கு எங்கே போவது என்றார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அன்றைய வாக்கெடுப்பில் அவர் தோற்றுப் போனார். ஆனால் அவர் பேசின இருபத்து மூன்று பக்கமும் அப்படியே அச்சில் இருந்தன. நாலு மாதம் கழித்து, அதே பேச்சைத் திருப்பிப் படித்துக் காட்டி வேறொருவர் அந்தச் சொல்லை மாற்ற வைத்துவிட்டார்.

நூலகம் மூடுகிற மணி அடித்தும் டீச்சர் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை கரும்பலகையில் இரண்டே வரி எழுதினார். 'அரசு எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைக்கலாம்.' அதற்குக் கீழே, 'அரசு எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும்.'

"மேல் வரி இருந்திருந்தா உங்கள்ல எத்தனை பேர் இன்னிக்கு இங்கே உட்கார்ந்திருப்பீங்க?" என்று கேட்டார்.

அன்று யாரும் தூங்கவில்லை. பீரியட் முடிந்து அடுத்த வாத்தியார் வாசலில் வந்து நிற்கிறார், உள்ளே 'லாம்' கட்சிக்கும் 'வேண்டும்' கட்சிக்கும் அடிதடி நடக்காத குறை.

புது ஆள் வரவேயில்லை. தையல் டீச்சர் அஞ்சல் வழியில் வரலாறும் அரசியலும் படித்து, முப்பத்தெட்டாவது வயதில் பட்டம் வாங்கினார். பரீட்சை ஹாலில் அவருக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், அவரிடம் பாவாடைக்கு நாடா கோக்கக் கற்றுக்கொண்ட பெண். "டீச்சர், பயப்படாதீங்க, கேள்வி ஈசியாத்தான் வரும்" என்று அவள் தைரியம் சொன்னதை டீச்சர் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற வேலை வீட்டுக்காரருக்கு. அவர் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். டீச்சர் அடுப்படியில் நிற்க, அவர் வாசல்படியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வார். கேட்டுக் கேட்டு அவருக்கும் பாதி ஏறிவிட்டது. ஒருநாள் என்ஜினியர் காரணம் சொல்லாமல் லீவை ரத்து செய்தபோது, "காரணத்தை எழுத்துல கொடுங்க சார்" என்று கேட்டுவிட்டு வந்தார்.

"உன்னாலதான்" என்றார் மனைவியிடம். "நீ படிக்கிறே, எனக்கு மெமோ வருது."

"லீவு கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது. மெமோவும் கிடைச்சுது."

பட்டம் வாங்கி, முறைப்படி குடிமையியல் ஆசிரியை ஆன பிறகும் 'தையல் டீச்சர்' என்ற பெயர் போகவில்லை. அவரும் மாற்றச் சொல்லவில்லை. பிள்ளைகள் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். எதையும் பிரித்துப் பிரித்துக் கேட்பதால் 'பிரிப்பு டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியும்.

அவர் கொண்டுவந்ததில் மற்ற வாத்தியார்களை மூக்கில் விரல் வைக்க வைத்தது ஒன்றுதான். ஒவ்வொரு வருஷமும் முதல் இரண்டு வாரம் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். வகுப்பு தனக்குத் தானே விதிகள் எழுதிக்கொள்ள வேண்டும். வரைவு, திருத்தம், வாதம், வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. எழுதி முடித்த தாளைச் சுவரில் ஒட்டும்போது அடித்தல் திருத்தலை அழிக்கக் கூடாது. "எப்படிச் சண்டை போட்டு வந்துச்சுன்னு தெரியணும்ல" என்பார். "சிலபஸ் எப்பம்மா முடிப்பீங்க?" என்று சகாக்கள் கேட்பார்கள். எப்படியோ வருஷாவருஷம் முடித்துவிடுவார்.

அவரிடம் படித்தவர்களில் பெரிய பதவிக்குப் போனவர் என்று யாருமில்லை. ஆனால் தன் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்ட வந்தவர்களிடம் 'இது எந்த விதிப்படி?' என்று கேட்ட ஆட்டோ டிரைவர் ஒருவர் இருந்தார். நகர சபைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, போன மாதத் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, தெருவுக்குக் குழாய் வாங்கி வந்த தாய் ஒருத்தி இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று மனு எழுதி ஜெயித்த ஒரு நர்ஸ் இருந்தாள். முதல் கேள்வி கேட்ட அந்த ஜன்னலோரப் பெண்தான் அவள்.

இவர்கள் எல்லாம் சேர்ந்து டீச்சருக்குத் தெரியாமல் ஒரு வேலை பார்த்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகளும் வக்கீல்களும் நடத்தும் சங்கம் ஒன்று, சாசன வரலாறும் குடிமையியலும் சிறப்பாகச் சொல்லித் தரும் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை விருது கொடுத்து வந்தது. அந்தச் சங்கத்துக்கு அறுபத்தோரு கடிதம் போயிற்று. டீச்சர் குடிமையியல் எடுக்க ஆரம்பித்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

சங்கத்திலிருந்து பதில் வந்தபோது டீச்சர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க, இது வேற யாருக்கோ வந்தது மாதிரி இருக்கு."

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "உன் பேருதான். மூணு பேரு வந்து உன் வகுப்புல உட்கார்ந்து பார்ப்பாங்களாம். அப்புறம் முடிவு பண்ணுவாங்களாம்." படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சரைவிட அதிகம் பரபரத்தவர் தலைமையாசிரியர். மூன்று வருஷத்துக்கு முன் வந்தவர் இவர். நல்ல மனிதர். வராந்தாவுக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்தவர். ஆனால் மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் அவருக்குக் கை கால் ஓடாது. "டீச்சர், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல பேர் வர்ற நேரம். நீங்க பாடத்தை மட்டும் பாருங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த 'மத்தது' என்ன என்று டீச்சர் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு அவரே சொல்லிக்கொண்டார். எல்லாவற்றையும் பிரித்துக் கேட்கிறவர் அன்றைக்கு மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்.

சங்கத்திலிருந்து வகுப்பைப் பார்க்க வந்தவர்களில் மூத்தவர் ஒரு பெண்மணி, ஓய்வுபெற்ற நீதிபதி. ஒல்லியான உடம்பு, காதில் கேட்கும் கருவி. கூட வந்த இருவரும் அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். பின்வரிசைக்குப் பின்னால் மூன்று நாற்காலி. வாசலில் தலைமையாசிரியர்.

டீச்சர் வகுப்பைப் பார்த்தார். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர் இருக்க வேண்டும். இடைவெளி தெரியாதபடி தள்ளித் தள்ளி உட்கார வைத்திருந்தாலும், தினமும் எண்ணுகிற கண்ணுக்குத் தெரியாதா? ஒன்பது தலை குறைந்தது. யார் யார் என்றும் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. போன பரீட்சையில் கடைசி ஒன்பது பேர். அதில் 'லேட்டு'ம் ஒருத்தி. தம்பியையும் தங்கையையும் வேறு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடி வருவதால் தினமும் பத்து நிமிஷம் பிந்தி வருகிற பெண். அவள் பெயரை வாத்தியார்களே மறந்துபோய் 'லேட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

வாசல் பக்கம் திரும்பினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோல் தலைமையாசிரியர் சிரித்துத் தலையாட்டினார்.

அப்போது வகுப்புத் தலைவன் எழுந்தான். தொண்டை பெரிசு என்பதால் அவனுக்கு 'மைக்' என்று பெயர்.

"டீச்சர், ஒரு விஷயம் பேசணும். விதி நாலு."

சுவரில் ஒட்டியிருந்த தாளில் நாலாவது விதி முதலில் இப்படி இருந்தது: 'தப்பு செய்தவரைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது.' அதை அடித்து மேலே வேறு எழுதியிருந்தது: 'ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.' "தப்பு செய்தவர்னு முதல்லயே எழுதிட்டா, அப்புறம் எதுக்கு டீச்சர் கேக்கறது?" என்று எழுந்து கேட்டு அந்த வரியை மாற்ற வைத்தவளே லேட்டுதான்.

'உட்காருப்பா, அப்புறம் பேசிக்கலாம்' என்ற வார்த்தை டீச்சரின் நுனிநாக்கில் தயாராக நின்றது. சொன்னால் முடிந்தது. அவர் தயார் பண்ணிக்கொண்டு வந்த பாடம் 'லாம்', 'வேண்டும்' பாடம். பதினேழு வருஷமாக ஒரு தடவைகூட ஏமாற்றாத பாடம். சொல்ல வாயெடுத்தவருக்கு அந்த 'அப்புறம்' உறைத்தது. நூலகத்துத் தொகுதிகளில் எத்தனை பேர் சொன்ன வார்த்தை அது!

"சொல்லு" என்றார்.

"ஒன்பது பேரைக் காணோம் டீச்சர். அவங்களைக் கேக்காமலே வெளியில அனுப்பிட்டாங்க."

"தம்பி, அவங்க நூலக அறையில புத்தகம் அடுக்கப் போயிருக்காங்க" என்றார் வாசலிலிருந்து தலைமையாசிரியர். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"நீங்க போகச் சொன்னீங்க சார்."

 டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு விருந்தினர்களைப் பார்த்தார்.

"மன்னிக்கணும். நான் தயார் பண்ணின பாடம் வேற. அதை இப்ப எடுக்க முடியாது. வகுப்புக்கு முன்னாடி ஒரு வேலை வந்திருக்கு. முதல்ல அதை முடிச்சாகணும்."

நீதிபதியம்மா நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

இரண்டு பேர் போய் ஒன்பது பேரையும் அழைத்து வந்தார்கள். விரலிலெல்லாம் புத்தகத் தூசியோடு வந்து சுவரோரம் நின்றார்கள். ஒரு பெண் மினிட்ஸ் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆளுக்கு இரண்டு நிமிஷம், பேச விரும்புகிற எல்லோரும் பேசி முடிக்கும் வரை யாரும் இரண்டாம் தடவை பேசக் கூடாது. எல்லாம் அவர்களே எழுதிக்கொண்ட ஒழுங்கு. யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மற்ற எட்டுப் பேரும் லேட்டைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாங்க மார்க் கம்மிதான். சார் பொய் சொல்லலை. காலையில வந்து, இன்னிக்கு விருந்தாளிங்க வர்றாங்க, நீங்க நூலகத்துல இருங்கன்னு சொன்னாரு. திட்டலை. நல்லாத்தான் சொன்னாரு." விரல் தூசியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா, பள்ளிக்கூடம் வைக்கணும்னு பேசித் தோத்தவரோட பேச்சை இருபத்து மூணு பக்கம் அச்சடிச்சு வெச்சிருக்காங்கன்னு டீச்சர் சொன்னாங்க. தோத்தவங்க பேச்சையும் வெச்சுக்கணும்னுதான் அந்த சபையில இருந்தவங்க நினைச்சிருக்காங்க. நாங்களும் பரீட்சையில தோத்தவங்கதான். ஆனா எங்களைப் பேசறதுக்கு முன்னாடியே வெளியில அனுப்பிட்டாங்க. அது சரியில்லைன்னு நினைக்கறேன். அவ்வளவுதான்."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வகுப்பு கொந்தளித்துவிட்டது. "சார் செஞ்சது தப்புன்னு ஓட்டுக்கு விடலாம் டீச்சர்!" என்று மைக் கத்தினான். கைகள் அதற்குள் மேலே போயிருந்தன.

"கையைக் கீழே போடுங்க" என்றார் டீச்சர். "நீங்க இப்ப இன்னொருத்தரைப் பத்தியும்தான் முடிவெடுக்கப் போறீங்க. அவரைக் கேட்டீங்களா?"

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முப்பத்தெட்டுத் தலையும் வாசல் பக்கம் திரும்பின.

"கட்டாயப்படுத்த முடியாது" என்றார் டீச்சர். "கூப்பிடத்தான் முடியும்."

தலைமையாசிரியரின் முகம் வெளுத்திருந்தது. போய்விடுவார் என்றுதான் டீச்சர் நினைத்தார். அவர் செருப்பை வாசலில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒரு மாணவனைப் போலக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு எத்தனை நிமிஷம்?"

"எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம்தான் சார்" என்றாள் மினிட்ஸ் எழுதுகிற பெண்.

"பயந்துட்டேன்" என்றார் அவர். "உங்க டீச்சருக்கு இந்த விருது கிடைக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. யாராவது தப்பாப் பதில் சொல்லி அது கைவிட்டுப் போயிடுமோன்னு பயம். நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். நல்லது செய்யறதா இருந்தாலும் கேட்டுட்டுச் செய்யணும்னு நீங்க சுவத்துல எழுதி வெச்சிருக்கீங்க. மூணு வருஷமா இந்த வழியா தினம் நடக்கறேன். ஒருநாள்கூட நின்னு படிக்கலை."

லேட்டு கையைத் தூக்கினாள். "பேச்சில்லை, ஒரு கேள்வி. கேக்கலாமா?" மைக் தலையாட்டினான்.

"சார், நான் தப்பாச் சொல்வேன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?"

"மார்க்கை வெச்சும்மா."

"நான் பேசறது மார்க் ஷீட்டுல வராது சார்."

"வராது" என்றார் அவர். "அது இப்பத்தான் எனக்குத் தெரியுது."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  முகத்தைப் பிள்ளைகள் பார்த்தால் ஓட்டுப் போடும்போது அதுவும் ஒரு செல்வாக்கு ஆகிவிடும் என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது.

இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்பது பேரும் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். அடுத்த வருஷம் விதி எழுதும் இரண்டு வாரமும் தலைமையாசிரியர் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். இரண்டாவதை எதிர்த்து ஒருவன் மட்டும் ஓட்டுப் போட்டான். "பாவம், அவருக்கு வேற வேலை இருக்கும்" என்று அவன் சொன்ன காரணத்தையும் நோட்டில் எழுதினார்கள். எழுதி முடிக்கவும் மணி அடித்தது.

நீதிபதியம்மா எழுந்து வந்து மினிட்ஸ் நோட்டை மட்டும் கேட்டு வாங்கினார். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். திருப்பிக் கொடுத்தார். "நன்றி" என்று சொல்லிவிட்டு, கூட வந்த இருவரோடு காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு பாராட்டுச் சொல்லவில்லை.

ஆசிரியர் அறையில் வரலாற்று வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைச்ச கதையாப் போச்சே டீச்சர்! அந்தப் பையனை உட்காரச் சொல்லியிருந்தா ஆச்சு."

சாயங்காலம், டீச்சர் அப்போதும் மிஷினுக்கு எண்ணெய் போட்டு வந்த தையல் அறைக்கே தலைமையாசிரியர் வந்தார். இந்த மூன்று வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. மிஷின்களுக்கு நடுவே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்னால போச்சு டீச்சர்."

"சார், இந்த மாதிரி ஒரு வகுப்பு இத்தனை வருஷத்துல எனக்கு அமைஞ்சதே இல்லை. ஆரம்பிச்சு வெச்சது நீங்கதான்."

அவர் முதலில் முழித்தார். பிறகு சிரித்தார். சிரிக்க ஆரம்பித்த பிறகு இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அவர் லேட்டு பேசினதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"விருது போனா போகட்டும்" என்றார். "எங்க என்ஜினியரை ஒருநாள் அந்த வகுப்புக்கு அனுப்ப முடியுமா?"

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விருது தையல் டீச்சருக்குத்தான்.

விழா நடந்த மண்டபத்தில் முன்வரிசை பூராவும் கறுப்புக் கோட்டுகள். அதற்குப் பின்னால் நாலு வரிசை டீச்சரின் ஆட்கள். முப்பத்தெட்டுப் பேர், ஆட்டோ டிரைவர், குழாய் வாங்கின தாய், டியூட்டி உடையோடு வந்த நர்ஸ். சாவியைத் தேடின நூலகர்கூட வந்திருந்தார், இப்போது ஓய்வு பெற்றவர். லேட்டு அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றாள். அதைச் சொல்லி அவளைக் கேலி செய்துகொண்டே எல்லோரும் உள்ளே போனார்கள்.

நீதிபதியம்மா எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். "முப்பது வருஷம் நீதிமன்றத்துல இருந்தேன். தங்கள் பக்கம் நியாயம் இருக்குன்னு தெரிஞ்சதும் எதிர்ப்பக்கத்தைக் கேக்கறதுக்குப் பெரியவங்களுக்கே பொறுமை இருக்காது. ஒரு வகுப்பே கையைத் தூக்கிடுச்சு. அவங்க தூக்கினது இந்த அம்மா கத்துக் கொடுத்ததை வெச்சுத்தான். கையைக் கீழே போடுங்கன்னு இவங்க சொன்னாங்க. நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். மத்த ரெண்டு பேரைச் சம்மதிக்க வைக்கத்தான் ஆறு வாரம் ஆச்சு. அவங்களையும் கேக்கணுமே!"

மண்டபம் சிரித்தது. டீச்சர் மேடைக்கு நடந்தபோது முதலில் எழுந்து நின்றவர் லைன்மேன்தான். கம்பத்தில் ஏறி இறங்கிக் காய்த்துப்போன கை அவருக்கு. அவர் தட்டின ஓசை தனியாகக் கேட்டது. அப்புறம் மண்டபமே எழுந்தது.

டீச்சருக்குப் பேசக் கொடுத்தது இரண்டு நிமிஷம். ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். "எனக்கு இந்தப் பாடம் தெரியாது. தெரியாதுன்னு சொன்னப்ப பிள்ளைங்க சிரிக்கலை. அதுக்கப்புறம் சேர்ந்து படிச்சோம்" என்றார்.

விருதோடு ஒரு வேலையும் கூட வந்தது. சுற்று வட்டாரத்துக் குடிமையியல் ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். முதல்நாள் ராத்திரி டீச்சர் குறிப்பை மூன்று தடவை மாற்றி எழுதினார். பிள்ளைகள் வேறு, வாத்தியார்கள் வேறு இல்லையா?

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தார். பாடமெல்லாம் பிறகு, இந்த இரண்டு நாளுக்கும் நமக்கு நாமே ஐந்து விதி எழுதிக்கொள்வோம் என்றார். நாற்பது பேரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஐந்து விதி எழுத எத்தனை நேரம் ஆகிவிடப் போகிறது? பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று ஒருவர் சொன்னார்.

முதல் விதி போனைப் பற்றியது. 'போனை அணைத்து வைக்க வேண்டும்' என்று ஒருவர் முன்மொழிந்தார். 'அணைத்து வைக்கலாம்' என்று மாற்றச் சொன்னார், வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த ஓர் ஆசிரியை. அது அவருக்கு மட்டும் சலுகை ஆகாதா என்று ஒரு குரல். கைக்குழந்தை உள்ளவர்கள் சார்பாக நாலு குரல். அணைப்பது என்றால் முழுக்க அணைப்பதா, சத்தத்தை மட்டும் அணைப்பதா என்று பின்னாலிருந்து ஒரு வயதானவர். பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று சொன்னவர்தான் எல்லோரையும்விட உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே தேவலாம் என்று டீச்சர் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

பன்னிரண்டே முக்காலுக்குச் சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்து, சாப்பாடு ஆறுகிறது என்றார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றேகாலுக்கு மறுபடி வந்தார். பேசுவதற்குப் பெயர் கொடுத்தவர்கள் இன்னும் ஏழு பேர் பாக்கி இருந்தார்கள். அந்த வரிசையில் மூன்றாவதாக, கையில் குறிப்புத் தாளோடு, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார் தலைமையாசிரியர். அவரைப் பயிற்சிக்கு யாரும் அழைக்கவில்லை. தானாகவே பெயர் கொடுத்துக்கொண்டு வந்திருந்தார்.